கம்பிக்குக் கீழே நிற்பவர்



புகளூரிலிருந்து திருச்சூருக்குச் செல்லும் நேர்மின் பாதை 2021 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. 320 கிலோவோல்ட், 2000 மெகாவாட். பாலக்காட்டு எல்லையைத் தாண்டி வடக்கஞ்சேரி வரை கோபுரங்களின் மேல் வருகிறது. அதற்கப்பால் சாலையோரம் மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. (மாறுமின்னோட்டமாயின் ஒவ்வொரு சுழற்சியிலும் கேபிளை நிரப்பி வடிப்பதிலேயே அதன் திறன் கரையும். நேர்மின்னுக்கு அந்தத் தொல்லை இல்லை.) மண்ணுக்குள் போன பகுதி போகட்டும். தலைக்குமேல் வந்த பகுதியைப் பற்றித்தான் என் பேச்சு.

கம்பி இழுக்க நிலத்தை எவரும் விலைக்கு வாங்குவதில்லை. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் தந்திக்கு அளித்த அதிகாரத்தை, 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு மின்கம்பிக்கும் வழங்க வழி செய்தது. தந்தி 2013-இல் மறைந்தது. அதன் அதிகாரமோ கம்பியேறி வாழ்ந்தது! நிலம் உடையவருடையதே, கம்பிக்கு அனுபோகம் மட்டும் என்பது ஏற்பாடு. ஆனால் கம்பிக்குக் கீழே தென்னை வளர முடியாதே!

2024 ஜூனில் மத்திய மின்துறை வெளியிட்ட நெறிமுறை, கோபுரம் நிற்கும் இடத்துக்கு நிலமதிப்பில் 200 விழுக்காடும், கம்பி செல்லும் பட்டைக்கு 30 விழுக்காடும் ஈடாகத் தரச் சொல்கிறது. 2015-இல் இது 85, 15 என்றிருந்தது. மகிழ்ச்சி. ஆனால் யாருக்கு? நிலத்துக்குப் பட்டா வைத்திருப்பவருக்கு!

சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத் தோப்புகளில் மரமேறி, நீர் பாய்ச்சி, காய் உரித்துப் பிழைப்போரில் நம்மவர் பலர். பாட்டத்துக்கு எடுத்துப் பயிரிடுவோரும் உண்டு. கேரளத்தில் புதிய பாட்டம் சட்டப்படி செல்லாது. ஆகவே எல்லாம் வாய்ச்சொல். கையில் காகிதம் இல்லாதவர் பெயர் சேதப் பட்டியலில் ஏறுவது எங்ஙனம்? வெட்டிய மரத்துக்கு விலை உண்டு. அதில் ஏறியவரின் கூலிக்கு?

"சட்டம் அப்படி" என்பார்கள். இல்லவே இல்லை! அந்தப் பழைய தந்திச் சட்டத்தின் 10-ஆம் பிரிவே, சேதமுற்ற பாத்தியதையுள்ள அனைவருக்கும் முழு ஈடு தரவேண்டும் என்றது. பட்டாதாரருக்கு மட்டும் என்று சொல்லவில்லை. வெள்ளைக்காரன் விரித்து எழுதியதை நாமல்லவா சுருக்கிக்கொண்டோம்!

மின்சாரம் வேண்டாம் என்பவர் யார்? நம் ஆய்வுக்கூடமும் அதில்தானே ஓடுகிறது. நான் கேட்பது இதுதான்: மரத்தை எண்ண வரும் அதிகாரி, அந்தத் தோப்பில் உழைத்தவரையும் எண்ணட்டும். பஞ்சாயத்து உறுப்பினரும் அயலாரும் சான்று சொல்லட்டும். பட்டாதாரர் பணத்தில் கைவைக்காமல், பாட்டக்காரருக்கு இழந்த விளைச்சலின் ஈடும், மரமேறிக்கு ஓராண்டுக் கூலியும் பாதையின் செலவிலேயே சேரட்டும். ஓராண்டு என்பதும் குறைவுதான். முதலில் அதையாவது தரட்டும்.