கணிப்பொறிக்குச் சம்பா கோவில் தெரியுமா?



ஓயாமல் படித்துக்கொண்டே இருந்தால் அறிவு வந்துவிடுமா? தேர்வுக்கு முந்திய இரவில் நமக்கெல்லாம் எழும் ஐயம்தான். ஆனால் நான் கேட்பது நம்மைப் பற்றி அன்று, கணிப்பொறியைப் பற்றி.

அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டாம் மிட்செலும் அவர் குழுவினரும் 2010 ஜனவரியில் ஒரு கணிப்பொறியை இணையத்தைப் படிக்க உட்கார்த்தி வைத்தார்கள். அதன் பெயர் 'நெல்'. நம் வயலில் விளைவதன்று; ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து அப்படி அமைந்துவிட்டது. நகரம், நோய், விளையாட்டு என்று வகைக்குப் பத்துப் பதினைந்து எடுத்துக்காட்டுகளே கொடுத்தார்கள். "இன்ன ஊர் மேயர்" என்று பல இடங்களில் வந்தால் அந்த 'இன்ன ஊர்' ஒரு நகரம் என்று அதுவே ஊகித்துக்கொள்ளும். ஊகித்ததைக் கொண்டு மேலும் படிக்கும். இப்படி இரவு பகலாகப் படித்து, அதே ஆண்டு அக்டோபருக்குள் ஏறக்குறைய 3,90,000 செய்திகளைச் சேர்த்துவிட்டது. வியப்பாக இருக்கிறதல்லவா?

ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். குக்கீ என்பது அடுப்பில் சுடும் தின்பண்டம் என்று அது கற்றிருந்தது. கணிப்பொறியில் தங்கும் சிறு குறிப்புகளுக்கும் குக்கீ என்றுதான் பெயர். "குக்கீகளை அழித்தேன்" என்று படித்தது. "கோப்புகளை அழித்தேன்" என்றும் படித்தது. உடனே கோப்பும் தின்பண்டமாகிவிட்டது! ஒரு பிழை பல பிழைகளைக் குட்டி போட்டது. மனிதர் வந்து திருத்திய பிறகே வழிக்கு வந்தது.

இதைப் படித்ததும் எனக்கு நம் மிஷன் வீதிதான் நினைவுக்கு வந்தது. அங்கே 1791-இல் கட்டி முடிக்கப்பட்ட மாதா பேராலயத்தை ஊரார் 'சம்பா கோவில்' என்கிறோம். புனித பவுலின் பெயர் மக்கள் நாவில் மருவி வந்த சொல் அது. நெல்லைப் போன்ற ஒரு கணிப்பொறி அதைப் படித்தால் என்ன நினைக்கும்? சம்பா அரிசி விற்கும் இடம் என்றுதானே! 2006-இல் பாண்டிச்சேரி புதுச்சேரி ஆனதை அறியாவிட்டால் இரண்டையும் இரண்டு ஊர்களாக எண்ணும். பழைய பக்கத்தில் நாம் பிரெஞ்சு ஆட்சியில் இருப்பதாகப் படித்தால், 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியதை யார் அதற்குச் சொல்வது?

பொறி தவறு செய்வதை நான் குறை சொல்லமாட்டேன். நாமும் வகுப்பில் செய்கிறோம்; சிவப்பு மையால் திருத்த ஆசிரியை இருக்கிறார். இன்று கைப்பேசியில் கேட்டவுடன் விடை சொல்லும் கருவிகளும் பெரும்பாலும் இணையத்து எழுத்தைப் படித்துப் பழகியவையே. அங்கே ஆங்கிலம் மலையளவு, தமிழ் கையளவு. எழுதப்படாததை அவை எங்கே போய்ப் படிக்கும்? அமெரிக்கப் பேராசிரியருக்குச் சம்பா கோவில் தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்தும் எழுதாமல் இருந்துவிட்டுப் பொறியைப் பார்த்துச் சிரிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சம்பா கோவிலை நான் எழுதிவிட்டேன். நெல்லித்தோப்பு, முத்தியால்பேட்டைத் தோழியரே, உங்கள் ஊர்ப் பெயர்களின் கதையைப் பாட்டியிடம் கேட்டு நீங்கள் எழுதுவீர்களா?