ஸ்விங்ஆர்ம் அப்புறம், முதல்ல செயினைப் பாரு

நம்ம காலேஜ் பார்க்கிங்கில் ஒரு வண்டிக்கு ஸ்விங்ஆர்ம் மாற்றுவது எந்த வரிசையில் நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். முதலில் பழைய சாமான் கடையில் டியூக்கோட அலுமினிய ஸ்விங்ஆர்ம் ஒன்று மாட்டும். அடுத்து அதற்கேற்ற வீல், 150 டயர். பிறகு லேத்தில் பிவட்டுக்கு புஷ் கடைந்து, ஷாக்கருக்கு பிராக்கெட் வெல்டிங் அடித்து, வண்டி சொந்தக் காலில் நின்றதும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ். செயின்? "அதைக் கடைசியா பாத்துக்கலாம் மச்சி."

என் கருத்து இதற்கு நேர் எதிர். இந்த வேலையில் முதலில் முடிவு பண்ண வேண்டியது செயினும் ஸ்ப்ராக்கெட்டும்தான். அந்தக் கணக்கு ஒத்து வந்தால் மட்டும் ஸ்விங்ஆர்முக்குக் காசு கொடுக்கணும். ஒத்து வரலைன்னா, ஆர்ம் எவ்வளவு அழகா இருந்தாலும் விட்டுடணும்.

ஏன் இவ்வளவு கறாரா சொல்றேன்? வெல்டிங் அசிங்கமா இருந்தா வண்டி அசிங்கமா இருக்கும், அவ்வளவுதான். செயின் லைன் தப்பா இருந்தா செயின் கழண்டு வரும். முன்பக்க ஸ்ப்ராக்கெட்டில் சுருண்டால் இன்ஜின் கேஸிங்கை உடைக்கும். பின்பக்கம் சுற்றினால் வீல் அங்கேயே லாக் ஆகும். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். அந்த வேகத்தில் பின்வீல் லாக் ஆனால் ஓட்டறவனுக்கு யோசிக்க நேரம் கிடையாது. பின்னாடி உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது.

பெயரிலேயே பாதி விஷயம் இருக்கு

செயின் மேல் 428, 520 என்று அடித்திருப்பது மாடல் நம்பர் இல்லை, அளவு. முதல் இலக்கம் பிட்ச். அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்று சொல்கிறது. 4 என்றால் அரை அங்குலம், 12.7 மி.மீ. 5 என்றால் 15.875 மி.மீ. கடைசி இரண்டு இலக்கம் உள் அகலத்தைக் குறிக்கும். 520-க்கு 6.35 மி.மீ., 428-க்கு 7.94 மி.மீ. கவனிச்சீங்களா? "பெரிய" செயினான 520-இன் உள் அகலம் 428-ஐ விடக் குறைவு. கண்ணால் பார்த்து "இது போதும்" என்று சொல்ல முடியாததற்கு இதுவே சாட்சி.

நம்ம 150 சிசி வண்டிகளில் பெரும்பாலும் 428. டியூக் 390-இல் 520. முன்னே 15 பல், பின்னே 45 பல். டியூக்கோட ஆர்ம், வீல், ஸ்ப்ராக்கெட் எல்லாத்தையும் அப்படியே தூக்கிட்டு வந்தால், பின்னாடி 520 பல், முன்னாடி உங்க இன்ஜினின் 428 பல். இரண்டையும் சேர்க்கிற செயின் உலகத்தில் கிடையாது. ஒன்றை மாற்றியே ஆகணும். எதை?

பலர் முன்பக்க ஸ்ப்ராக்கெட்டை மாற்றப் பார்க்கிறார்கள். "520 போட்டா பலம்" என்று காரணமும் சொல்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. செயின் மேல் வரும் இழுவையை முடிவு பண்ணுவது இன்ஜின், ஸ்விங்ஆர்ம் இல்லை. ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 14 நியூட்டன் மீட்டர் டார்க் தரும் இன்ஜின், பிரைமரியும் முதல் கியரும் சேர்ந்து 8.5 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். அவுட்புட் ஷாஃப்ட்டில் 119 நியூட்டன் மீட்டர். 14 பல் 428 ஸ்ப்ராக்கெட்டின் பிட்ச் ஆரம் 28.5 மி.மீ. வகுத்தால் சுமார் 4,200 நியூட்டன். அதாவது 400 கிலோவுக்கு மேல் எடை அந்தச் செயினில் தொங்குகிற மாதிரி. பெரிய எண்தான். ஆனால் பழைய ஆர்மிலும் இதே எண்தான் இருந்தது. கம்பெனி 428-ஐ இந்த இழுவைக்குக் கணக்குப் போட்டுத்தான் கொடுத்திருக்கிறது.

அதனால் 428-ஐயே வைத்துக்கொண்டு, பின் ஸ்ப்ராக்கெட்டைப் புதுசா செய்வதுதான் சரி. அது ஒரு தட்டையான தகடு. டியூக் ஹப்பின் போல்ட் வட்டம், நடு ஓட்டை, 428 பல் - இந்த மூன்றையும் வரைந்து கொடுத்தால் வெட்டித் தருகிற பட்டறைகள் கோயம்புத்தூரிலும் அம்பத்தூரிலும் இருக்கு. முன் ஸ்ப்ராக்கெட் அப்படி இல்லை. உள்ளே ஸ்ப்ளைன் வெட்டணும், கடினப்படுத்தணும், அளவில் துளி தப்பினாலும் அவுட்புட் ஷாஃப்டையே தின்றுவிடும். ஒன்று மட்டும் ஞாபகம் வைங்க. கையில் கிடைத்த சாதா இரும்புத் தகட்டில் வெட்டக் கூடாது. EN8 மாதிரி ஸ்டீல், பல் முனைகளுக்கு இண்டக்‌ஷன் ஹார்டனிங். இல்லைன்னா சீக்கிரமே பல் எல்லாம் கொக்கி மாதிரி வளைஞ்சு நிற்கும்.

டயரோட பாதி

அடுத்தது செயின் லைன். முன் ஸ்ப்ராக்கெட்டின் தளமும் பின் ஸ்ப்ராக்கெட்டின் தளமும் ஒரே கோட்டில் இருக்கணும். இதில் டயர்தான் வில்லன்.

உதாரணத்துக்கு, வண்டியின் நடுக்கோட்டிலிருந்து செயினின் மையம் 75 மி.மீ. தள்ளி இருக்கு என்று வைங்க. செயினின் மொத்த அகலத்தில் பாதி சுமார் 9 மி.மீ. ஆக, செயினின் உள்பக்கம் 66 மி.மீ.-இல். 120 டயரின் பாதி 60. நடுவில் 6 மி.மீ. இடைவெளி, நிம்மதி. இப்போ 150 டயர் போடுங்க. பாதி 75. செயின் டயருக்குள் 9 மி.மீ. போய்விடும். பழைய இடைவெளி வேணும்னா செயின் 15 மி.மீ. வெளியே நகரணும்.

பின்பக்கம் நகர்த்துவது சுலபம். ஸ்ப்ராக்கெட்டுக்கு அடியில் நன்றாகக் கடைந்த ஒரு ஸ்பேசர் போதும். முன்பக்கம்? அங்கேதான் "ரெண்டு வாஷர் போடு" என்பார்கள். ஸ்ப்ராக்கெட் ஸ்ப்ளைனில் முழுசா உட்காரலைன்னா மொத்த இழுவையையும் பாதி ஸ்ப்ளைன் தாங்கணும். வெளியே தள்ளத் தள்ள அவுட்புட் ஷாஃப்ட் பேரிங் மேல் வளைவு விசையும் கூடும். ஆஃப்செட் வைத்துச் செய்த முன் ஸ்ப்ராக்கெட்டில் சில மி.மீ. சமாளிக்கலாம். 15 மி.மீ. சமாளிக்க முடியாது. இன்னும் சிலர் வீலையே நடுக்கோட்டிலிருந்து எதிர்ப்பக்கம் தள்ளி வைக்கிறார்கள். வண்டி நேரா போற மாதிரி இருக்கும், ஆனா முன் வீலும் பின் வீலும் வேற வேற தடத்தில் ஓடும்.

இதற்கு எளிய வழி ஒன்று இருக்கு, யாருக்கும் பிடிக்காது. ரிம் அனுமதிக்கும் அளவுக்குள் 130 டயர் போடுங்க. பாதி 65; வெறும் 5 மி.மீ. நகர்த்தினால் போதும். ஆர்15 வெர்ஷன் 2-இல் அலுமினிய ஸ்விங்ஆர்ம் இருந்தது, அதில் 130 டயர்தான் ஓடியது. யாரும் அதை அசிங்கம் என்று சொன்னதில்லை.

பல்லும் நீளமும்

பல் எண்ணிக்கை முடிவு பண்ணும்போது டயர் விட்டத்தையும் சேர்த்துப் பார்க்கணும். 100/90-18 டயரின் விட்டம் சுமார் 637 மி.மீ. 130/70-17 போட்டால் 614. கிட்டத்தட்ட 3.6 சதவீதம் குறைவு. பழைய விகிதம் 14-42, அதாவது 3.0 என்றால், அதே ஓட்டம் வர 2.89 வேணும். 14 பல்லுக்குப் பின்னே 40 அல்லது 41. இதைப் பார்க்காமல் டியூக்கோட பல் எண்ணிக்கையை அப்படியே எடுத்து 45 வெட்டினால், 6,000 ஆர்பிஎம்மில் போன அதே வேகத்துக்கு இப்போ ஏறக்குறைய 6,670 தேவைப்படும். ஹைவேயில் வண்டி கத்திக்கிட்டே வரும். பெட்ரோல் செலவைத் தனியா சொல்ல வேண்டியதில்லை.

"அப்போ முன்பக்கம் ஒரு பல் குறைச்சா பிக்கப் ஏறுமே" என்று ஒரு பழைய வைத்தியம் உண்டு. ஏறும். ஆனால் செயின் வட்டத்தில் ஓடுவதில்லை, பலகோணத்தில் ஓடுகிறது. ஒவ்வொரு பல்லுக்கும் செயின் வேகம் ஏறி இறங்கும். 15 பல்லில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் 2.2 சதவீதம், 12 பல்லில் 3.4. அதிர்வு, தேய்மானம், சத்தம் எல்லாம் அதோடு வரும். முன்பக்கம் சின்னதானால் செயின் ஸ்விங்ஆர்மோட மேல்பக்கத்தை உரசும். இரும்பு ஆர்ம் கொஞ்ச நாள் தாங்கும். அலுமினிய ஆர்மை செயின் ரம்பம் மாதிரி அறுத்துவிடும். விகிதத்தைப் பின்பக்கத்தில் திருத்துங்க, முன்பக்கத்தைத் தொடாதீங்க.

நீளத்துக்கு நம்ம டிசைன் ஆஃப் டிரான்ஸ்மிஷன் சிஸ்டம்ஸ் பேப்பரில் முதல் யூனிட்டிலேயே சூத்திரம் இருக்கு. மைய தூரம் 560 மி.மீ., 14-42, 428 செயின் என்றால் 116.64 லிங்க் வரும். லிங்க் இரட்டைப் படையில்தான் இருக்கணும், ஆக 118. ஆர்ம் 40 மி.மீ. நீளமானால் 122.91, ஆக 124. இங்கே ஒரு கேள்வி கேட்கணும்: 122.91-ஐ 124 ஆக்கும்போது ஆக்ஸில் சுமார் 7 மி.மீ. பின்னால் போகணும். அட்ஜஸ்டரில் அந்த இடம் இருக்கா? செயின் நீள நீள இன்னும் இழுக்க மிச்சம் இருக்கா? இல்லைன்னா பின் பல்லில் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ திரும்பக் கணக்குப் போடணும். பழைய செயினோடு ஒரு துண்டைச் சேர்த்து இரண்டு லாக் போட்டு ஓட்டுவது தீர்வே இல்லை. தேய்ந்த லிங்க்கும் புது லிங்க்கும் பிட்ச்சில் ஒத்துப் போகாது.

யாரும் பார்க்காத ஒரு சோதனை

சென்டர் ஸ்டாண்ட் போட்டுச் செயினைத் தட்டிப் பார்த்து "20 மி.மீ. லூஸ் இருக்கு, ஓகே" என்பது ஸ்விங்ஆர்ம் மாற்றிய வண்டிக்குப் போதாது. முன் ஸ்ப்ராக்கெட் மையம், ஸ்விங்ஆர்ம் பிவட், பின் ஆக்ஸில் - இந்த மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாகும். கம்பெனி சொல்லும் லூஸ் அளவு அவங்க ஆர்முக்கும் அவங்க ஷாக்கருக்கும் உரியது. உங்க வண்டிக்கு அது செல்லாது. ஷாக்கரைக் கழட்டிடுங்க. பின் வீலை மெல்ல மேலே தூக்கி மூன்று புள்ளியையும் ஒரு கோட்டுக்குக் கொண்டு வாங்க. அந்த நிலையிலும் செயினில் கொஞ்சம் லூஸ் இருக்கணும். அப்புறம் ஷாக்கரை மாட்டி, வண்டி நிற்கும்போது லூஸ் எவ்வளவு என்று அளந்து அந்த எண்ணை எழுதி வைங்க. இனி அதுதான் உங்க வண்டியின் அளவு. இதைச் செய்யாமல் ஓட்டினால் முதல் பெரிய பள்ளத்தில் செயின் கம்பி மாதிரி விறைத்து அவுட்புட் பேரிங்கை இழுக்கும். அரை மணி நேர வேலை. காசு செலவே இல்லை.

"எங்க மெக்கானிக் அண்ணன் பாத்துப்பாரு"

இதற்கு வரும் வழக்கமான பதில் இதுதான்: "அண்ணன் பத்து வண்டி பண்ணியிருக்காரு, கணக்கா போட்டாரு?" அந்த அண்ணன்களின் கைத்திறமை மேல் எனக்கு மரியாதை உண்டு. நேர்க்கோடு வைத்து, கண்ணால் பார்த்தே 1 மி.மீ. கோணலைக் கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர் முன்னாடி நாம் வைப்பது ஏற்கனவே வாங்கிவிட்ட ஆர்ம், ஏற்கனவே வாங்கிவிட்ட 150 டயர், மிச்சம் இருக்கும் 2,000 ரூபாய். அதற்குள் செயினை எப்படியாவது ஓட வைக்கணும் என்றால் அவர் வாஷர்தான் போடுவார். தப்பு அவர் மேல் இல்லை. கணக்குப் போட வேண்டியது டிசைன் டேட்டா புக்கைக் கையில் வைத்திருக்கும் நாம்தான்.

அந்தப் புத்தகப்படி போனால் சின்ன ஸ்ப்ராக்கெட்டுக்கு 20-க்கு மேல் பல் வரும், பைக்கில் 14 தானே இருக்கு, அப்போ புத்தகம் உதவாது என்று சிலர் சொல்வதுண்டு. உதவும். இடம் இல்லாததால் பைக் கம்பெனி ஆயுளைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறது என்பதை அந்தப் புத்தகம்தான் நமக்குச் சொல்கிறது. எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து செய்வதற்குப் பெயர்தான் டிசைன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி கொடுத்த மூல விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. அதனால் என் பரிந்துரை ரோட்டு வண்டிக்கு இல்லை. ப்ராஜெக்ட் வண்டி, மூடிய டிராக்கில் மட்டும் ஓடும் வண்டி - அதற்குத்தான்.

அப்படி ஒரு வண்டி செய்யும் எண்ணம் இருந்தால், ஆர்ம் விற்கிறவரிடம் விலை பேசுவதற்கு முன் ஒரு ஸ்கேலும் வெர்னியரும் எடுத்துட்டுப் போங்க. பிவட்டிலிருந்து ஆக்ஸில் வரை நீளம், நடுக்கோட்டிலிருந்து ஸ்ப்ராக்கெட் தளம் வரை தூரம், அட்ஜஸ்டரின் மொத்த ஓட்டம் - இந்த மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு ரூமுக்கு வந்து கணக்குப் போடுங்க. ஒத்து வந்தால் மறுநாள் போய் வாங்குங்க. ஒத்து வரலைன்னா அந்தக் காசில் ஒரு நல்ல செயின் செட் வாங்கி இருக்கிற ஆர்மிலேயே மாட்டுங்க.