ஹவுஸ் ஓனர் இல்லாத வீடு

கம்ப்யூட்டருக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது ஹவுஸ் ஓனர் மாதிரி. மோட்டார் எப்போது போடலாம், மாடிப்படி விளக்கு எத்தனை மணி வரை எரியலாம், எல்லாம் அவர் சொல்படிதான். நம் புரோகிராம் வெறும் குடித்தனக்காரன். திரையில் ஓர் எழுத்து எழுதவும் அவர் கதவைத் தட்டி, 'சார், கொஞ்சம்...' என்று தலையைச் சொறிய வேண்டும்.

ஓனரே இல்லாத வீடு கிடைத்தால்? அதற்குப் பெயர்தான் 'பேர் மெட்டல்'. லினக்ஸ், விண்டோஸ் எதுவும் இல்லாமல் சிப்பிடம் நேராகப் பேசுவது.

வெள்ளானூரில் எங்கள் தெரு இன்ஜினீயரிங் மாணவன் ஒருவன், "அங்கிள், பை வாங்கியிருக்கேன், பார்க்கறீங்களா?" என்றான். மஞ்சள் பை இல்லை, ராஸ்பெரி பை. 2012 பிப்ரவரி 29-ல் வெளியான, ஏ.டி.எம். கார்டு சைஸ் கம்ப்யூட்டர். அந்த முதல் மாடலை யாரிடமோ செகண்ட் ஹேண்டில் பிடித்திருக்கிறான்.

இதில் ஒரு வேடிக்கை. கரன்ட் கொடுத்ததும் முதலில் கண் விழிப்பது மெயின் பிராசஸர் அல்ல. படம் காட்டுகிற கிராபிக்ஸ் பகுதி. அதுதான் எஸ்.டி. கார்டில் 'கெர்னல்.ஐ.எம்.ஜி.' என்ற ஃபைலைத் தேடி மெமரியில் வைத்துவிட்டு, ஆர்ம் பிராசஸரைத் தட்டி எழுப்புகிறது. வழக்கமாக அந்தப் பெயரில் லினக்ஸ் இருக்கும். அதை எடுத்துவிட்டு நம் புரோகிராமை அதே பெயரில் வைத்தால், ஆள் யார் என்று கேட்காமல் ஓட்டும்.

இனிமேல்தான் கஷ்டம். பிரின்ட்எஃப் கிடையாது. ஸ்டாக்குக்கு இடம் நாமே ஒதுக்க வேண்டும். மெயின் முடிந்தால் திரும்பிப் போக வீடு இல்லை. அதனால் கடைசியில் முடிவில்லாத ஒரு லூப். வேறு கம்ப்யூட்டரில் கம்பைல் செய்து, ஒவ்வொரு தடவையும் கார்டைப் பிடுங்கிச் செருக வேண்டும்.

பையன் ஒரு விளக்கைச் சிமிட்ட வைக்கப் பார்த்தான். ஒரு முகவரியில் எழுதினால் எரியும், இன்னொன்றில் எழுதினால் அணையும். நடுவில் தாமதத்துக்காகச் சும்மா பத்து லட்சம் வரை எண்ணச் சொன்னான். விளக்கு சிமிட்டாமல் மங்கலாக எரிந்தது. காரணம் கம்பைலர். 'எண்ணுகிறானே தவிர உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை' என்று அந்த லூப்பையே தூக்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எரிந்து அணைகிறது. 'வாலட்டைல்' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் விட்டுவிடும். நல்ல வேளை, இந்த கம்பைலர் ஆபீஸ்களுக்கு இன்னும் வரவில்லை.

மூன்றாம் நாள் சிமிட்டியது. அவன் அப்பா, "ஒரு பல்பு எரியவா சார் இவ்வளவு ஃபீஸ் கட்டினேன்?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. வேலைக்கு எடுப்பவர்கள் பெரும்பாலும் மேல் மாடி சமாசாரங்களைத்தான் கேட்கிறார்கள்.

அவருக்கு ஓட்டு மெஷினை உதாரணம் சொன்னேன். 1982-ல் கேரளத்தின் பரவூரில் முதலில் பயன்பட்ட அந்த மெஷினில் ஆபரேட்டிங் சிஸ்டமே கிடையாது என்கிறது தேர்தல் கமிஷன். பெங்களூர் பி.இ.எல்.லில் அதன் வடிவமைப்பை மேற்பார்வையிட்டவர், நம் எழுத்தாளர் சுஜாதா. ஓனர் இல்லாத வீட்டில் திருட்டுச் சாவி கொடுத்து வைக்கவும் ஆள் இல்லை. உள்ளே இருப்பது முழுக்க எழுதியவன் பொறுப்பு.

இன்னொன்று, கிண்டி ஐ.ஐ.டி.யின் 'சக்தி' பிராசஸர். யாருக்கும் ராயல்டி தர வேண்டாத ரிஸ்க்-ஃபைவ் வகை. 2018-ல் ஒரு சிப் சண்டிகர் பக்கத்து மொஹாலியிலேயே தயாரானது. 2025-ல் இஸ்ரோவுடன் சேர்ந்து 'ஐரிஸ்' வந்தது. புது சிப் கைக்கு வந்ததும் அதில் முதலில் ஓடுவது விண்டோஸ் அல்ல, யாராவது எழுதிய இப்படி ஒரு சின்ன புரோகிராம்தான்.

"அப்போ அந்த யாராவது என் பையனா இருக்கலாம்ங்கறீங்க?" என்றார்.

"ஸ்டாக்கை ஒழுங்கா வெச்சான்னா" என்றேன்.