காவலுக்கும் உரிமம் உண்டு



ஏலத்தோட்டங்களுக்கு மலையேறிக் கால்கள் தளர்ந்தபின், தேவாரத்துப் பெரியவர் ஒருவர் "வாட்ச்மேன் வேலையாவது கிடைக்காதா?" என்று நகரத்திற்குப் புறப்படுவதுண்டு. சேர்த்துக்கொள்ளும் நிறுவனத்திற்கு உரிமம் உண்டா என்று மட்டும் அவர் கேட்பதில்லை.

கேட்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, உரிமமின்றி இத்தொழிலை நடத்தினால் ஓராண்டு வரை சிறை அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். உரிமத்தை அலுவலகத்தில் அனைவரும் காணும்படி வைத்தல் கடமை. காவலாளிக்குப் பயிற்சியும் புகைப்பட அடையாள அட்டையும் அவசியம். 65 வயதை எட்டியவரைச் சேர்க்கக் கூடாது. ஊதியச் சட்டங்களை மீறினால் உரிமமே ரத்தாகலாம்.

ஆகவே, உங்கள் வீட்டுப் பெரியவரைத் தனியே அனுப்பாதீர்கள். உடன் சென்று, அந்த உரிமத்தைப் படித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடச் செய்யுங்கள்.