'மக்கும்' ஷீட்: எங்கே, எத்தனை நாளில்?

தர்பூசணி, மிளகாய், தக்காளி வயல்களில் மல்ச்சிங் ஷீட் விரிப்பது சாதாரணமாகிவிட்டது. அறுவடை முடிந்ததும் அதைச் சுருட்டி எடுக்க ஆள் கிடைப்பதில்லை. அந்த இடத்தில்தான் 'மக்கும் ஷீட்' வந்து நிற்கிறது. "எடுக்கவே வேண்டாம், அப்படியே உழுதுடுங்க"ன்னு விற்கிறவங்க சொல்றாங்க. நாம் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: எங்கே மக்கும்? எத்தனை நாளில் மக்கும்?

'மக்கும்' என்ற ஒரே பெயரில் மூன்று சரக்கு விற்கிறது. ஒன்று ஆக்சோ வகை. சாதாரண பிளாஸ்டிக்கில் உலோக உப்பு கலந்தது. மக்காது, பொடிப்பொடியாக உதிரும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் இதைத் தடை செய்துவிட்டது. இரண்டாவது, மக்காச்சோளம், கரும்பிலிருந்து வரும் பி.எல்.ஏ. இது மக்க 58 டிகிரி அளவு சூடு உள்ள உரத் தொழிற்கூடம் வேண்டும். நம்ம வயல் மண்ணுக்கு அந்தச் சூடு ஏது? மூன்றாவதுதான் மண்ணிலேயே மக்கும் வகை. இதற்கான ஐரோப்பியத் தரம்கூட, ஆய்வகத்தில் 2 ஆண்டுக்குள் 90 சதவீதம் மக்கினால் போதும் என்கிறது. ஆய்வகத்தில் ஈரம் குறையாது. நம்ம மானாவாரி மண் கோடையில் மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். ஈரமில்லாமல் நுண்ணுயிர் வேலை செய்யாது.

ஒரு கணக்குப் போடுவோம். 15 மைக்ரான் ஷீட், ஏக்கரில் பாதிப் பரப்பை மூடினால் சுமார் 38 கிலோ. வருஷத்துக்கு இரண்டு போகம் விரித்தால், முதல் ஷீட் மக்கி முடிவதற்குள் இன்னும் மூன்று ஷீட் மண்ணுக்குள் போய்விடும். பழைய கடன் அடையாமல் புதுக் கடன் வாங்குகிற கதைதான். இதில் கடனாளி மண்.

நன்றாக மக்கினாலும் மண்ணுக்குக் கிடைப்பது வெறும் கரிமம். அதைத் தின்னும் நுண்ணுயிர், தனக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். கரும்புத் தோகையும் வைக்கோலும் வெறும் கரிமம் அல்ல. மேலே மூடாக்காகக் கிடந்து ஈரம் காக்கும், மண்புழுவுக்கு உணவாகும், சாம்பல் சத்தைத் திருப்பித் தரும். ஆள்கூலி ஆகும்தான், ஆனால் அந்தச் செலவு மண்ணில் வரவாக நிற்கிறது.

மக்கும் பிளாஸ்டிக் நுண்துகள் எதையும் மிச்சம் வைக்கக் கூடாது என்று மத்திய அரசின் 2024 திருத்த விதி சொல்கிறது. அதையே பிடித்துக்கொள்வோம். எந்தத் தரம், மண்ணிலா உரக்கூடத்திலா, எத்தனை மாதம் என்று எழுத்தில் தராத ஷீட்டை வாங்க வேண்டாம். மானியம் தரும் துறையிடமும் இதையே கேட்போம்: பிளாஸ்டிக் ஷீட்டுக்குத் தருகிற மானியத்தைத் தோகை மூடாக்குக்கும் தாருங்கள்.