கூரைக்கு யார் பொறுப்பு?

இங்கிலாந்திலும் வேல்சிலும் அடுக்குமாடி வீடு வாங்குவோருள் பெரும்பாலோர் நீண்டகாலக் குத்தகை உரிமையையே விலை கொடுத்துப் பெறுகின்றனர். மண்ணும் கட்டடமும் மனையுரிமையாளருக்கே உரியவை. கட்டடத்தைப் பேணுவதற்கு முகவரை அமர்த்துபவர் பெரும்பாலும் அவரே. பராமரிப்புக் கட்டணம் செலுத்துவோரோ குத்தகைதாரர். கூரை ஒழுகினால் நனைபவர் ஒருவர். அதனைச் செப்பனிட ஆளைத் தேர்ந்தெடுப்பவர் மற்றொருவர்.

இம்முரணுக்கு 2002ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் ஒரு வழி திறந்தது. கட்டடத்தின் வீடுகளுள் குறைந்தது பாதியின் குத்தகைதாரர் ஒன்றுகூடி, நிறுமம் ஒன்றை அமைத்து, மேலாண்மையைத் தாமே ஏற்கலாம். முகவர் தவறிழைத்தார் என மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இதுவே அச்சட்டத்தின் உயிர்நிலை. கணக்கேடுகள் யாவும் முகவரின் கையில் இருக்க, அவருடைய குறையைக் குடியிருப்போர் எங்ஙனம் நிறுவுவர்?

குடியிருப்போர் அனுபவமற்றவர்கள், காப்பீடு, தீப்பாதுகாப்பு, மின்தூக்கி, கணக்குத் தணிக்கை ஆகியவற்றை அவர்களால் நடத்த இயலாது என்பர் சிலர். இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஊதியமின்றி இயக்குநர் பொறுப்பேற்பவர், மாலையில் வீடு திரும்பியபின் விலைப்புள்ளிகளை ஒப்பிட வேண்டும். கட்டணம் செலுத்தாத அண்டை வீட்டாரிடம் பாக்கியையும் கேட்க வேண்டும். மின்தூக்கியைப் பழுது பார்ப்பதைவிட இது கடினமான பணி. ஆயினும், அந்நிறுமம் தொழில்முறை முகவர் ஒருவரை மீண்டும் அமர்த்திக்கொள்ளத் தடையேதும் இல்லை. பலரும் அவ்வாறே செய்கின்றனர். பின் என்ன மாறியது என்று நகைப்போர் உண்டு. முகவரை நீக்கும் அதிகாரம் பணம் செலுத்துவோரின் கைக்கு வந்தது. முகவர் மடலுக்கு மறுமொழி எழுதும் விரைவிலேயே அவ்வேறுபாடு புலப்படும்.

வழியில் இன்னும் தடைகள் உள்ளன. வீட்டை வாடகைக்கு விட்டு அயல்நாட்டில் வாழ்வோர் மிகுந்த கட்டடத்தில் பாதிப்பேரைத் திரட்டுவது எளிதன்று. கீழ்த்தளக் கடைகள் முதலான குடியிருப்பல்லாத பகுதி பரப்பில் கால்பங்கைத் தாண்டினால் இவ்வுரிமை முன்னர் மறுக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வரம்பைப் பாதியாக உயர்த்தியது நன்று. ஆனால், பல கட்டடங்களுக்குப் பொதுவான பூங்காவும் சாலையும் இவ்வுரிமைக்குள் அடங்கா என 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே, தம் கட்டடத்தின் படிக்கட்டை மீட்டவர்களும் அதன் வாயிலுக்கு வெளியேயுள்ள விளக்குக்குப் பழைய முகவரையே நாட வேண்டியுள்ளது. அக்குறையை நாடாளுமன்றமே நீக்குதல் வேண்டும்.