பாட்டிலில் இருக்கும் பாசியும் வயலில் இருக்கும் பாசியும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கல்லூரியில் தாவரவியல் சேரும் பிள்ளைகள் பெரும்பாலும் நம்ம வீட்டுப் பிள்ளைகள்தான். முதலாண்டிலேயே பாசி, பூஞ்சை, லைக்கன், மாஸ் என்று எளிய உயிர்களைப் படிக்கிறார்கள். நாஸ்டாக், அனபீனா என்று பெயரை மனப்பாடம் பண்ணி, ஃபார்மலின் பாட்டிலைப் பார்த்துப் படம் வரைந்து, மார்க்கும் வாங்கிவிடுகிறார்கள். அதே நாஸ்டாக் அப்பாவின் நவரை நெல்லுக்கு அடியில் உயிரோடு கிடக்கிறது. அப்பாவோ "பாசி புடிச்சிடுச்சி" என்று வாய்மடையில் மயில்துத்தத்தைத் துணியில் கட்டிப் போடுகிறார். அந்தப் பிள்ளையும் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறது. இதுக்குப் பேர் படிப்பா?

திருவக்கரை கல்மரங்களைப் பார்த்திருப்பீங்க. சுமார் 2 கோடி ஆண்டுப் பழசு. நீலப்பச்சைப்பாசி அதுக்கெல்லாம் பாட்டன். சுமார் 240 கோடி ஆண்டுக்கு முன் காற்றில் உயிர்வளி சேரத் தொடங்கியதே இவை வெளிவிட்டதால்தான். சரியாகச் சொன்னால் இது பாசியே இல்லை, பாக்டீரியா இனம். பாசிமணி கோத்த மாதிரி உடம்பு. இடையிடையே ஒரு மணி மட்டும் வெளிறி, தடித்த சுவரோடு இருக்கும். காற்றுத் தழைச்சத்தைப் பிடிக்கிற நொதிக்கு உயிர்வளி ஆகாது, அதற்காகத்தான் அந்தத் தனி அறை. நெல்வயல் மண்ணில் தழைச்சத்து சேர்வதில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு என்று பி.கே. டே 1939-லேயே காட்டிவிட்டார். ஒரு போகத்துக்கு எக்டேருக்கு 20 முதல் 30 கிலோ என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. யூரியா போட்டால் அந்த வேலை நின்றுபோகும். சும்மா கிடைக்கும்போது எவன் உழைப்பான்?

நம்ம இயற்கை விவசாயிகளிடமும் ஒரு குறை உண்டு. "நுண்ணுயிர்" என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டு அடைத்துவிடுகிறோம். அசோலாவைப் பாசி என்கிறோம். அது பெரணி வகை. அதன் இலைப்பொந்தில் குடியிருக்கும் நீலப்பச்சைப்பாசிதான் சத்தைப் பிடிக்கிறது. பச்சை நூலாய் மிதக்கும் ஸ்பைரோகைராவுக்கோ அந்த வேலையே தெரியாது. எது எதுன்னு வெறும் கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியாது, நுண்ணோக்கி வேணும். அது கல்லூரியில் இருக்கு. அதில் பார்க்கத் தெரிந்த பிள்ளை நம்ம வீட்டிலேயே இருக்கு.

அதனால், செய்முறை வகுப்புக்கு ஒவ்வொரு மாணவரும் தன் ஊர் வயல்தண்ணியைக் கொண்டுபோகட்டும். யூரியா போட்ட வயலில் ஒரு பாட்டில், போடாத வயலில் ஒரு பாட்டில். தடித்த மணி எதில் அதிகம் என்று எண்ணிப் பார்த்து வீட்டில் சொல்லட்டும். பாடத்திட்டத்தில் இடமில்லை என்று பேராசிரியர்கள் சொல்லக்கூடும். அதுவரை காத்திருக்க வேண்டாம், நாமே கொடுத்தனுப்பலாம். நடவு முடிந்து இரண்டு வாரம் கழித்து, பாசி படர்ந்த இடத்தில் கொஞ்சம் சேறோடு அள்ளுங்க. மூடியை இறுக்காதீங்க, வெயிலில் வைக்காதீங்க, அன்றைக்கே போய்ச் சேரட்டும்.